ஒரு ஷரத்தின் நீண்ட பயணம்: கொள்கை ஆய்வு உலகப் பொருளாதாரத்தில் எதை மாற்ற முடியும்?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "பொருளியல் முதுகலை முடிக்கப்போகிறேன். கொள்கை ஆய்வு நிறுவனம் ஒன்றில் சேர ஆசை. ஆனால் ஏழை நாடுகளின் கதியை வாஷிங்டனும் பீஜிங்கும் முடிவு செய்யும்போது, உட்கார்ந்து அறிக்கை எழுதி என்ன ஆகப்போகிறது? ஆய்வால் உலக அளவில் நிஜமாகவே ஏதாவது மாறியிருக்கிறதா?"

மாறியிருக்கிறது. அறிக்கை வெளியீட்டு விழாக்களிலும் தலைவர்களின் உரைகளிலும் தேடினால்தான் அது கண்ணில் படாது. கடன் ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்து, கணக்குத் தாளில் ஒரு வரி, அதிகாரி நிரப்பாமல் தாண்ட முடியாத ஒரு அட்டவணை ஆகிய இடங்களில்தான் ஆய்வு போய் உட்காருகிறது. அப்படி உட்கார்ந்த ஒரு ஷரத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி அதிலேயே இருக்கிறது.

ஒரு கம்பெனி கடனில் மூழ்கினால் திவால் சட்டம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. ஒரு நாடு மூழ்கினால் போய் நிற்க அப்படியொரு நீதிமன்றம் உலகில் எங்கும் இல்லை. ஊரில் பத்துப் பேரிடம் கைமாற்று வாங்கி நொடித்துப்போனவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பேர் "ரூபாய்க்கு அறுபது பைசா வந்தால் போதும்" என்று இறங்கி வருகிறார்கள். பத்தாமவர் "எனக்கு முழுசாக வேண்டும்" என்று வழக்குப் போடுகிறார். ஒன்பது பேர் விட்டுக்கொடுத்த பணம்தான் அவர் கைக்குப் போகும். இது முன்கூட்டியே தெரிந்தால் அந்த ஒன்பது பேரும் எதற்கு இறங்கி வருவார்கள்? நியூயார்க் சட்டப்படி எழுதப்பட்ட நாட்டுக் கடன் பத்திரங்களில் நீண்ட காலம் இதுதான் நிலைமை. அசலையோ வட்டியையோ தவணைத் தேதியையோ மாற்ற ஒவ்வொரு பத்திரதாரரும் சம்மதிக்க வேண்டும். லண்டனில் எழுதிய பத்திரங்களில் அந்தச் சிக்கல் இல்லை. குறிப்பிட்ட பெரும்பான்மை ஒப்புக்கொண்டால் மற்றவர்களும் கட்டுப்பட வேண்டும் என்ற ஷரத்து அங்கே வெகுகாலமாகப் புழக்கத்தில் இருந்தது.

1994 டிசம்பரில் மெக்ஸிகோவின் பெசோ சரிந்து, அமெரிக்காவும் ஐ.எம்.எஃப் என்ற சர்வதேச நாணய நிதியமும் பெரும் தொகையைக் கொட்டி அதை மீட்டபோது, அடுத்த முறை இப்படி யாரோ வந்து காப்பாற்றாமல் கடனை ஒழுங்காகப் பேசித் தீர்க்க வழி உண்டா என்ற கேள்வி எழுந்தது. 1995-இல் பேரி ஐக்கன்கிரீன், ரிச்சர்ட் போர்ட்டஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் தயாரித்த அறிக்கை, பெரும்பான்மை முடிவு எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஷரத்தை எல்லாப் பத்திரங்களிலும் சேர்க்கச் சொன்னது. 1996-இல் பத்துப் பணக்கார நாடுகளின் பணிக்குழு ஒன்றும் அதையே பரிந்துரைத்தது. அதற்குப் பிறகு ஆறேழு வருடங்கள் எதுவும் நடக்கவில்லை.

நடக்காததற்குக் காரணம் பயம். "கட்ட முடியாமல் போனால் என்ன செய்வது என்று இப்போதே எழுதிவைக்கிறானே, இவன் கட்டமாட்டான் போலிருக்கிறது" என்று சந்தை நினைத்துவிடும், வட்டி ஏறிவிடும் என்று கடன் வாங்கும் நாடுகளின் நிதி அமைச்சகங்கள் அஞ்சின. முதலில் குதிக்க யாரும் தயாராக இல்லை. இந்த இடத்தில்தான் ஆய்வு தன் வேலையைச் செய்தது. ஐக்கன்கிரீனும் அசோகா மோடியும் லண்டன் சட்டப் பத்திரங்களையும் நியூயார்க் சட்டப் பத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வட்டியை ஒப்பிட்டார்கள். நல்ல பெயருள்ள நாடுகளுக்கு அந்த ஷரத்து வட்டியைக் குறைக்கவே செய்கிறது, பெயர் கெட்ட நாடுகளுக்குத்தான் சற்றுக் கூடுகிறது என்பது அவர்கள் கண்டது. ஒரு நிதிச் செயலாளரின் பயத்துக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஆய்வு அது. "இப்படிச் செய்வது நியாயம்" என்று நூறு பக்கம் எழுதியிருந்தாலும் அந்தப் பயம் போயிருக்காது.

2001 நவம்பரில் ஐ.எம்.எஃப்பின் அப்போதைய முதல் துணை நிர்வாக இயக்குநர் ஆன் க்ரூகர் இதைவிடப் பெரிய திட்டத்தை முன்வைத்தார்: நாடுகளுக்கென்றே சர்வதேசத் திவால் முறை. அடுத்த மாதமே அர்ஜென்டினா தன் கடனைக் கட்டாமல் நிறுத்தியது. க்ரூகரின் திட்டத்தை வால் ஸ்ட்ரீட் கடுமையாக எதிர்த்தது. அமெரிக்கக் கருவூலமும், அதாவது நிதி அமைச்சகமும், அதை விரும்பவில்லை. மாற்றாகக் கருவூலம் கையில் எடுத்தது அந்தப் பழைய ஷரத்தைத்தான். 2003 பிப்ரவரியில் மெக்ஸிகோ நியூயார்க் சட்டத்தின் கீழ் அந்த ஷரத்துடன் பத்திரம் வெளியிட்டது. வட்டி ஏறவில்லை. மற்ற நாடுகள் வரிசையாகப் பின்தொடர்ந்தன. ஏப்ரலில் க்ரூகரின் திட்டம் பரணில் ஏற்றப்பட்டது. அந்தப் பெரிய திட்டம் மேசையில் இல்லாதிருந்தால் சந்தை இந்தச் சின்ன மாற்றத்துக்கு இறங்கி வந்திருக்காது என்பது என் கணிப்பு. தோற்றுப்போகும் ஆய்வுக்கும் இப்படி ஒரு பயன் உண்டு. இதைப் பலர் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

கதை அங்கே முடியவில்லை. அர்ஜென்டினாவின் பழைய பத்திரங்களில் இந்த ஷரத்து கிடையாது. 2005, 2010 ஆகிய இரண்டு சுற்றுகளில் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட கடன் மறுசீரமைப்புக்கு (தொகையையும் தவணையையும் மாற்றி எழுதுவதற்கு) வந்த பிறகும், மலிவு விலைக்குப் பத்திரங்களை வாங்கி வைத்திருந்த சில நிதி நிறுவனங்கள் மசியவில்லை. 2012-இல் நியூயார்க் நீதிமன்றம், இவர்களுக்கு முழுத் தொகை கொடுக்காமல் மற்றவர்களுக்கு வட்டி கொடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2014 ஜூலையில் அர்ஜென்டினா கையில் பணம் இருந்தும் வட்டி கட்ட முடியாத நிலைக்குத் தள்ளப்பட்டது. கடைசியில் 2016-இல் அந்தப் பிடிவாதக்காரர்களில் முதன்மையான நான்கு நிறுவனங்களுக்கு மட்டும் சுமார் 465 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள்.

2003-இல் வந்த ஷரத்திலும் ஓட்டை இருந்தது. ஒவ்வொரு பத்திர வெளியீட்டுக்கும் தனித்தனியாக வாக்கெடுப்பு என்பதால், ஒரு சிறிய வெளியீட்டில் கால்வாசிக்கு மேல் வாங்கிவிட்டால் போதும், அந்த வெளியீட்டையே முடக்கிவிடலாம். லீ புக்கைட் போன்ற வழக்கறிஞர்களும், மிட்டு குலாட்டி, அன்னா கெல்பெர்ன் போன்ற சட்டப் பேராசிரியர்களும் இந்த ஒப்பந்தங்களின் வாசகங்களை வரி வரியாகப் படித்துப் பல வருடங்களாக எழுதிக்கொண்டிருந்தார்கள். அர்ஜென்டினா தீர்ப்பு வந்ததும் அவர்களைப் போன்றவர்களின் எழுத்துக்குத் திடீரென்று தேவை வந்தது. 2014 ஆகஸ்டில் சர்வதேச மூலதனச் சந்தைச் சங்கம் புதிய மாதிரி வாசகத்தை வெளியிட்டது: எல்லா வெளியீடுகளையும் ஒன்றாகக் கூட்டி, 75 சதவீதம் ஒப்புக்கொண்டால் எல்லோருக்கும் பொருந்தும். ஐ.எம்.எஃப் சில வாரங்களில் ஒப்புதல் தந்தது. 2020-இல் அர்ஜென்டினாவும் ஈக்வடாரும் மீண்டும் விழுந்தபோது சில மாதங்களில் கடனைச் சீரமைக்க முடிந்தது. அர்ஜென்டினாவின் 6,500 கோடி டாலர் கடனில் 99 சதவீதம் உள்ளே வந்தது. முந்தைய முறை அதற்குப் பதினைந்து வருடம் ஆனது.

இந்தப் புதிய ஷரத்து இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்திலேயே பார்த்தோம். இலங்கை 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது. ஜூன் மாதமே ஹாமில்டன் ரிசர்வ் வங்கி என்ற, கரீபியனில் பதிவான ஒரு நிறுவனம் நியூயார்க்கில் வழக்குப் போட்டது. அதன் கையில் இருந்தது 2022 ஜூலையில் முதிர்வடையும் 100 கோடி டாலர் வெளியீட்டில் 25 கோடி டாலருக்கு மேல். அதாவது கால்வாசிக்குச் சற்று அதிகம். அந்தக் கணக்கு தற்செயலாக அமைந்திருக்க வழியில்லை என்றே நினைக்கிறேன். 2012-இல் எழுதப்பட்ட அந்தப் பத்திரத்தில் இருந்தது பழைய பாணி ஷரத்து. 2024 டிசம்பரில் சுமார் 1,250 கோடி டாலர் பத்திரங்களை இலங்கை மாற்றியபோது 98 சதவீதம் அளவுக்கு உள்ளே வந்தும், அந்த ஒரு வெளியீடு வெளியே நின்றது. 2012-இல் அந்த ஆவணத்தை எழுதியவர்கள் யாரும் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். பெட்ரோல் வரிசையிலும் கேஸ் வரிசையிலும் நின்ற மக்களுக்கு அந்த வாசகம் இருப்பதே தெரியாது.

ஆக, 1995-இல் சொன்னது 2003-இல் பாதி நடந்து, 2014-இல் திருத்தப்பட்டு, 2020-இல் பலன் தந்தது. ஒரு மனிதனின் வேலைக் காலத்தில் பெரும்பகுதி. ஆய்வு நிறுவனத்தில் சேருபவர்கள் மூன்று வருடத் திட்டங்களில் பலனை எதிர்பார்த்து மனம் உடைகிறார்கள். நெருக்கடி வரும்போது மேசைமேல் தயாராக இருக்கும் யோசனைதான் எடுக்கப்படும். நெருக்கடி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், அதற்கு முன்பே வாசகம் வரை எழுதி முடித்திருக்க வேண்டும்.

ஷரத்தை விட்டுக் கணக்குத் தாளுக்கு வருகிறேன். ஐ.எம்.எஃப் ஒரு நாட்டுக்குக் கடன் தருமுன், அந்த நாட்டின் கடன் தாங்கக்கூடியதா என்று ஒரு கணிப்புச் செய்யும். மறுசீரமைப்பில் எவ்வளவு தள்ளுபடி என்பதெல்லாம் அதிலிருந்துதான் பிறக்கும். 2023 மார்ச்சில் இலங்கைக்கு சுமார் 300 கோடி டாலர் திட்டம் ஒப்புதலானபோது வைத்த இலக்குகள் இவை: 2022-இல் ஜிடிபியில் (நாட்டின் மொத்த ஆண்டு உற்பத்தி மதிப்பில்) 128 சதவீதம் அளவில் இருந்த பொதுக் கடன் 2032-க்குள் 95 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். 2027 முதல் 2032 வரை அரசின் ஆண்டு நிதித் தேவை (அந்த ஆண்டில் கடனாகத் திரட்ட வேண்டிய தொகை) சராசரியாக ஜிடிபியில் 13 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வெளிநாட்டு நாணயத்தில் கட்டும் தவணை எந்த ஆண்டும் 4.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த 95 என்பது 80 ஆக இருந்திருந்தால் பத்திரதாரர்கள் விட்டுக்கொடுக்க வேண்டிய தொகை பெருமளவு கூடியிருக்கும். 2023 ஜனவரியில் ஜயதி கோஷ், தாமஸ் பிக்கெட்டி உள்ளிட்ட 182 பொருளியலாளர்களும் வல்லுநர்களும் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, கடன் கொடுத்த தனியார்கள் பெரிய தள்ளுபடி தர வேண்டும் என்று கேட்டது. அறம் அவர்கள் பக்கம் இருந்தது என்று நம்புகிறேன். ஆனாலும் பேரம் நடந்தது அந்த மூன்று எண்களைச் சுற்றித்தான்.

அந்த எண்கள் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: சுமையை நாட்டுக்குள் யார் தூக்குவது? 2023 ஜூலையில் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதிகள் வைத்திருந்த அரசுப் பத்திரங்கள் குறைந்த வட்டிக்கு மாற்றப்பட்டன. நீண்டகாலத்தில் 9 சதவீதம். மாற்ற மறுத்தால் அந்த நிதிகளின் வருமான வரி 14-இலிருந்து 30 சதவீதமாகும் என்ற நிபந்தனையும் இருந்தது. வணிக வங்கிகள் வைத்திருந்த ரூபாய் அரசுப் பத்திரங்கள் தொடப்படவில்லை. வங்கிகளைத் தொட்டால் வைப்புதாரர்கள் பணத்தை எடுக்க ஓடிவருவார்கள், வங்கிகள் ஏற்கெனவே அதிக வரி கட்டுகின்றன என்பது அரசின் வாதம். அதை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் சேமலாப நிதியில் இருப்பது தேயிலைத் தோட்டத்திலும் ஆடைத் தொழிற்சாலையிலும் உழைத்தவர்களின் முதுமைக்கால சேமிப்பு. விலைவாசி உச்சத்தில் இருந்தபோது அதன் மதிப்பு ஏற்கெனவே கரைந்திருந்தது. ஐ.எம்.எஃப் தாளில் "யார்" என்ற நெடுவரிசை இல்லை. அந்த நெடுவரிசையைக் கணக்கிட்டு, அதிகாரியால் தட்டிக்கழிக்க முடியாத வடிவத்தில் கொடுப்பதுதான் உள்ளூர் ஆய்வாளர்களின் வேலை. 1987-இல் யுனிசெஃப் இதைத்தான் செய்தது. சிக்கன நடவடிக்கைகளால் பல நாடுகளில் குழந்தைகளின் சத்துணவும் சுகாதாரமும் என்ன ஆயின என்று நாடு நாடாக எண்ணிக் காட்டியது. இன்று ஐ.எம்.எஃப் திட்டங்களில் சமூகச் செலவுக்குக் கீழ்வரம்பு வைக்கிறார்கள் என்றால், அந்த வாதம் அங்கே தொடங்கியது.

கொழும்பிலிருந்து நம்பிக்கை தரும் உதாரணமும் இருக்கிறது. வெரிட்டே ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம், ஐ.எம்.எஃப்புக்கு அரசு கொடுத்த வாக்குறுதிகளில் 100-ஐப் பிரித்தெடுத்து, எது நிறைவேறியது, எது இல்லை, எதற்குத் தகவலே இல்லை என்று இணையத்தில் தொடர்ந்து வெளியிட்டது. அதே நிறுவனம் இன்னொன்றையும் முன்மொழிந்தது: நாடு நல்லாட்சி நிபந்தனைகளை நிறைவேற்றினால் கடனின் வட்டி குறைய வேண்டும். கடன் கொடுத்தவருக்கும் லாபம், மக்களுக்கும் லாபம் என்ற யோசனை. 2024 டிசம்பரில் வந்த புதிய பத்திரங்களில் ஒன்று அப்படித்தான் எழுதப்பட்டது. நிபந்தனைகள் நிறைவேறினால் வட்டி 0.75 சதவீதப் புள்ளி குறையும். ஒரு சிறிய நாட்டின் ஆய்வு நிறுவனம் சொன்ன யோசனை சர்வதேசக் கடன் பத்திரத்துக்குள் போயிருக்கிறது. தொகை சிறியதுதான். ஆனால் இந்தத் துறையில் வாசகம் ஒருமுறை எழுதப்பட்டுவிட்டால் அடுத்த நாட்டின் வழக்கறிஞர் அதை எடுத்துப் பார்ப்பார்.

ஆய்வுக்கு இவ்வளவு வலு இருக்கிறதென்றால், தவறான ஆய்வுக்கும் அதே வலு உண்டு. 2010-இல் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற பொருளியலாளர்கள் வெளியிட்ட கட்டுரை, அரசுக் கடன் ஜிடிபியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளில் வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1 சதவீதம் என்று காட்டியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செலவை வெட்ட விரும்பிய அரசியல்வாதிகள் அந்த 90-ஐப் பிடித்துக்கொண்டார்கள். 2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் வகுப்புப் பயிற்சியாக அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார். விடை ஒத்துவரவில்லை. ஆசிரியர்களிடமே எக்ஸெல் கோப்பைக் கேட்டு வாங்கித் திறந்தால், சராசரி எடுக்கும் சூத்திரம் 49-ஆவது வரி வரை போகாமல் 44-இலேயே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. விடுபட்ட வேறு தரவுகளையும் சேர்த்து, சராசரி எடுத்த முறையையும் திருத்திப் பார்த்தபோது விடை 2.2 சதவீதம். கடன் அதிகமானால் வளர்ச்சி ஓரளவு குறைகிறது என்பது நின்றது; 90-இல் ஒரு பாதாளம் இருக்கிறது என்பது போயிற்று. உங்களைப் போன்ற ஒரு மாணவர் செய்தது இது. அவரிடம் இருந்தது ஒரு மடிக்கணினியும், மூலக் கோப்பைக் கேட்கும் துணிவும்தான்.

ஆய்வால் நகர்த்த முடியாததும் உண்டு. ஐ.எம்.எஃப் வாக்குரிமை அதில் முதன்மையானது. அமெரிக்காவிடம் சுமார் 16.5 சதவீத வாக்கு. முக்கிய முடிவுகளுக்கு 85 சதவீதம் வேண்டும். அதனால் அமெரிக்கா இல்லாமல் அப்படிப்பட்ட முடிவு எதுவும் நடக்காது. 2010-இல் ஒப்புக்கொண்ட சிறிய மறுபங்கீடு, அமெரிக்க நாடாளுமன்றத்தைத் தாண்டி 2016-இல்தான் நடைமுறைக்கு வந்தது. 2023 டிசம்பரில் எல்லோர் பங்கையும் 50 சதவீதம் கூட்ட முடிவு செய்தார்கள். விகிதாசாரத்தைத் தொடவே இல்லை. பங்கீட்டுச் சூத்திரம் பற்றி எழுதப்படாத ஆய்வில்லை. இழப்பவர் கையிலேயே வீட்டோ இருக்கும்போது ஆய்வுக்கு அங்கே பிடிமானம் கிடைப்பதில்லை. இளம் ஆய்வாளர் தன் முதல் பத்து வருடங்களை இதில் செலவிடுவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். இது நாடுகள் கூட்டுச் சேர்ந்து அரசியலாகப் போராட வேண்டிய களம்.

சரி, எங்கே தொடங்குவது? ஆவணங்களில் தொடங்குங்கள். 2021-இல் கெல்பெர்னும் நான்கு ஆய்வாளர்களும் சீன அரசு வங்கிகளும் நிறுவனங்களும் 24 நாடுகளுடன் செய்துகொண்ட 100 கடன் ஒப்பந்தங்களைச் சேகரித்துப் படித்து வெளியிட்டார்கள். அதுவரை சீனக் கடன் பற்றி வதந்தியும் அரசியல் பேச்சும்தான் மிகுதி. முக்கால்வாசி ஒப்பந்தங்களில், மற்ற நாடுகளோடு கூட்டாகப் பேசும் மறுசீரமைப்பில் இந்தக் கடனைச் சேர்க்கக் கூடாது என்ற பொருளில் ஷரத்து இருந்தது. 2014-க்குப் பிந்தைய ஒப்பந்தங்கள் எல்லாவற்றிலும் ரகசியம் காக்கும் ஷரத்து. படித்தது முழுக்க நாடாளுமன்ற இணையதளங்கள், அரசிதழ்கள், கடன் பதிவேடுகள் என்று பொதுவெளியில் கிடந்த தாள்கள். தேடி எடுத்து உட்கார்ந்து படிக்க ஆள் இல்லாமல் கிடந்தவை.

அப்படிப்பட்ட தாள்கள் உங்கள் ஊரைப் பற்றியும் இருக்கின்றன. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு ஜப்பான் அரசின் வளர்ச்சி உதவி நிறுவனமான ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, பிரிக்ஸ் நாடுகளின் புதிய வளர்ச்சி வங்கி என நான்கு இடங்களிலிருந்து கடன் வருகிறது. திட்ட ஆவணங்களில் பல இந்த வங்கிகளின் இணையதளங்களிலேயே கிடைக்கும். ஒரே ரயில் திட்டத்துக்கு கடன் கொடுக்கும் நான்கு பேர் வைக்கும் நிபந்தனைகள் எங்கே வேறுபடுகின்றன, நிலம் இழப்பவருக்கான விதிகள் எதில் கடுமை, நாணய மாற்று அபாயம் யார் தலையில் என்று ஒப்பிட்டு ஒரு அட்டவணை போடுங்கள். முதுகலை ஆய்வேட்டுக்கு அதுவே போதும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த அட்டவணையைக் கூடவே அனுப்புங்கள். நல்ல நிறுவனமாக இருந்தால் முதலில் அதைத்தான் திறந்து பார்ப்பார்கள்.